சொந்தமாக ஒரு வரி

ஜனவரி 4

அன்புள்ள குருவிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்பாய், அதனால் கேட்கவில்லை. போன் செய்தால் "டிப்போ சத்தம், ஒண்ணும் கேக்கலை" என்று வைத்துவிடுகிறாய். பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை பார்ப்பவள் உலகத்திலேயே நீ ஒருத்திதானா? எனக்கே காது குத்தாதே. வேறு வழியில்லாமல்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து ஆணி வைத்திருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயதில் இது சின்ன விஷயமில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் அம்மா கேட்ட முதல் வார்த்தை, "சின்னவ வந்தாளா?" பக்கத்தில் மூன்று நாளாகத் தூங்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். சரி, போகட்டும். நீ கடைசியாக வந்து ஆறு வருடம் ஆகிறது. வந்த அன்றும் டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டாய். அம்மா இருக்கும்போதே ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

இன்னொரு சமாசாரம். விடுதிப் பள்ளியில் உன் வகுப்பில் முன்பல் நீண்ட ஒருத்தி இருந்தாளே, முயல். அவள் விசாரித்துக்கொண்டு என் மருந்துக்கடைக்கே வந்துவிட்டாள். பள்ளியில் புதுக் கட்டடம் கட்டி, அதற்குச் சாவிக்கொத்தின் பெயரை வைக்கப் போகிறார்களாம். நம் வார்டனின் முகத்தை மறந்தவர்கள்கூட அவள் இடுப்பில் ஆடின சாவிகளை மறக்கவில்லை. அந்தப் பெயர் கூடாது என்று பழைய மாணவிகள் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். அங்கே நடந்ததை ஆளுக்கு ஒன்றாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். வேலை வழக்கம்போல் நடக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. குளிர் குறைந்துவிட்டது. அம்மா விரைவில் குணமடைய வேண்டும். டிப்போவில் இரண்டு பேர் விடுப்பில் இருப்பதால் இப்போது வர முடியாது.

நீ அனுப்பிய தாள் கிடைத்தது. எனக்கு எழுத ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தங்கை


ஜனவரி 30

அன்புள்ள குருவிக்கு,

இங்கே இரண்டு உயிரும் நடமாடுகின்றன. அம்மா நடமாடவில்லை, படுத்தபடி அதிகாரம் செய்கிறாள். கூடிய சீக்கிரம் வாக்கர் என்கிற கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பார்களாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இது கடிதமா, கரும்பலகையா? ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவிக்கொத்து பலகையில் எழுதிப்போடுவாளே: "அன்புள்ள பெற்றோருக்கு, இங்கு நான் நலம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள்." எண்பது பெண்களும் அதைப் பார்த்து எழுதுவோம். ஒரே கடிதம் எண்பது வீட்டுக்குப் போகும். அதையே நாற்பத்திரண்டு வருடம் கழித்து நீ எனக்கு எழுதியிருக்கிறாய். நீ வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

முயலுக்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். தலையை ஒட்ட வெட்டினது, காமாலை முற்றும்வரை டாக்டரிடம் காட்டாமல் வைத்திருந்தது எல்லாவற்றையும். நீயும் எழுது. மனதிலிருந்து இறங்கும்.

அம்மா உன் பழைய கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பது உனக்குத் தெரியுமா? படிக்கத் தெரியாதவள் வரிசை மாறாமல் அடுக்கி வைத்திருக்கிறாள். நேற்று ஒன்றை எடுத்து மார்மேல் வைத்துக்கொண்டு, "நான் அவளுக்கு என்னடி பண்ணேன்? ஏன் என்கிட்ட ஒட்டவே மாட்டேங்கறா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

போர்த்திக்கொண்டு தூங்கு. உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதப்போன கை நின்றுவிட்டது. நீ கேலி செய்ததன் பலன்.

முயலின் தாளை வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். டிப்போவில் ஒவ்வொரு வண்டிக்கும் வந்த நேரம், தாமதம், காரணம் என்று மூன்று கட்டம் நிரப்புவது என் வேலை. எனக்கு அப்படித்தான் எழுத வருகிறது.

நீ காமாலையோடு வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் நான் போனேன். எனக்குப் பத்து வயது. அப்பா ஆலையில் இறந்ததற்காக ஆலைக்காரர்கள் நம் வீட்டுக்குக் கொடுத்தது ஒரே ஓர் இலவச இடம். அது வீணாகக் கூடாது என்று உன் இடத்தில் என்னை அனுப்பினார்கள். 37 என்று நம்பர் தைத்த உன் ஃபிராக்கே எனக்கு. எனக்குத் தொளதொளவென்று இருந்ததால் நீதான் பிடித்துத் தைத்துக் கொடுத்தாய்.

முதல் வாரமே படுக்கையை நனைத்தேன். ஈர மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு, அது காயும்வரை சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிற்க வேண்டும். எல்லோரும் என்னைத் தாண்டிச் சாப்பிடப் போவார்கள். மூன்றாம் வாரம், மணி அடித்த பிறகு முயலோடு பேசினேன் என்று செருப்பு அறையில் பூட்டினாள். வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு காலைவரை. தண்ணீர்கூட இல்லை. ஞாயிறு காலை கதவைத் திறந்து, "கடிதம் எழுத வா" என்றாள். கைதவறித் தாளில் மையைக் கொட்டிவிட்டேன். சாவிக்கொத்து இருந்த கையாலேயே அறைந்தாள். அன்று போனது என் இடது காது. இன்றுவரை கேட்காது. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு டிப்போ சத்தத்தில் போன் பேச முடியவில்லை அக்கா. நான் உனக்குக் காது குத்தவில்லை.

கரும்பலகைக் கடிதத்தைப் பற்றி எழுதினாய். ஒன்றை விட்டுவிட்டாய். கடைசியில் ஒரே ஒரு வரி நாமே சொந்தமாக எழுதிக்கொள்ளலாம். வீட்டில் யாராவது ஒருவருடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற வரி. அதைப் பற்றி அம்மாவுக்குச் சொன்னதே நீதான். நான் கிளம்பின அன்று பஸ் நிறுத்தத்தில் அம்மா குனிந்து சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "தாங்க முடியலைன்னா அந்தக் கடைசி வரியில அத்தை எப்படி இருக்காங்கன்னு கேளு. செத்துப்போனவங்களை யாரும் விசாரிக்க மாட்டாங்க. எனக்குப் புரிஞ்சுடும். அடுத்த வண்டியிலேயே ஓடி வந்துடுவேன்." அத்தை இறந்து அப்போது ஒரு வருடம். நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

காது போன அந்த ஞாயிறு எழுதினேன். அடுத்த ஞாயிறும் எழுதினேன். ஒன்பது ஞாயிறு அத்தையை விசாரித்தேன். ஒவ்வொரு செவ்வாயும் புதனும் வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பத்தாம் ஞாயிறு, பக்கத்து வீட்டுத் தாத்தா எப்படி இருக்கிறார் என்று எழுதினேன். அதற்கப்புறம் ஐந்து வருடம் அங்கேயே இருந்தேன்.

அம்மாவுக்கு நீதான் படித்துக் காட்டியிருப்பாய். அங்கே இருந்துவிட்டு வந்தவள் நீ. அந்த வரியை அழாமல் உன்னால் படித்திருக்க முடியாது. அப்படியும் அவள் வரவில்லை. லீவுக்கு வந்தபோது தலையைத் தடவி, "நல்லா இருக்கியாமே" என்று மட்டும் சொன்னாள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பவளிடம் என்ன கேட்பது?

நான் ஏன் ஒட்டவில்லை என்று அவள் கேட்டாளே, இதுதான் பதில். அவளிடம் கேட்டுவிட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுது. வருவதைப் பற்றி அப்புறம் யோசிக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 3

அன்புள்ள குருவிக்கு,

இங்கே அனைவரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் சரக்கு இருப்பு எடுக்கிற நேரம், மூச்சுவிட முடியவில்லை.

அம்மா சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை நடக்கிறாள். நான் வைத்ததை எல்லாம் இடம் மாற்றி வைக்கிறாள், அதனால் தேறிவிட்டாள் என்று தெரிகிறது. எதிர் வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்திருக்கிறார்கள். இங்கே வெயில் இப்போதே கொளுத்துகிறது. உன் காதுக்கு நல்ல டாக்டர் ஒருவர் எங்கள் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார், கேட்டு வைக்கிறேன்.

மற்றவை பிறகு.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

அம்மாவிடம் கேட்டாயா?

தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள குருவிக்கு,

நலம். கேட்டேன். அவளுக்கு ஞாபகமில்லை என்கிறாள். வயதாகிவிட்டது, ஆபரேஷனுக்குப் பிறகு மறதியும் கூடிவிட்டது. அந்தக் காலத்துக் கஷ்டத்தில் அவளும் என்ன செய்திருக்க முடியும்? பழையதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? விட்டுவிடு. வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ, அது போதும்.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

நான் நலம்.

ஞாபகமில்லை என்றால் சரி. ஒன்பது தடவை கேட்டதை மறக்க முடிகிறது என்றால் அவள் கொடுத்து வைத்தவள்.

முயலுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். மெத்தை, செருப்பு அறை, காது, அத்தை. கடைசியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "என் அம்மாவுக்குத் தெரியும். வரவில்லை." ஜூன் கடைசியில் கூட்டம். என் பெயரைப் போட்டே படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி அம்மாவைப் பற்றி எனக்கு எழுதாதே. ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் தெரிவி. வருவேன் என்று சொல்ல முடியாது.

தங்கை


மே 7

குருவி,

அன்புள்ள என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நலம் விசாரிக்கவும் கூச்சமாக இருக்கிறது.

நான் அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. அவளுக்கு மறதியும் இல்லை. போன மாதம் எழுதியது பொய்.

அந்த வரியை நான் படிக்கவே இல்லை. ஒன்பது தடவையும் விட்டுவிட்டேன்.

அந்த ஒன்பதில் முதல் கடிதம் வந்த அன்று அம்மா தையல் கொட்டகையிலிருந்து வந்து கைகூடக் கழுவாமல் உட்கார்ந்தாள். நான் சத்தமாகப் படித்தேன். இங்கு நான் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது. மை சிந்தியிருந்தது. கடைசி வரி கண்ணில் பட்டதும் நிறுத்திவிட்டேன். "அவ்வளவுதானா? அத்தையைப் பத்தி ஏதாவது கேட்டிருக்காளா?" என்றாள். "இல்லைம்மா" என்றேன். அதற்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஒவ்வொரு வாரமும் அவள் கேட்டாள், நான் இல்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் தெளியும். கடிதத்தை வாங்கி டப்பாவில் வைப்பாள்.

ஏன் என்று நீ கேட்பாய். எனக்குக் காமாலை இறங்கிவிட்டது. சாப்பிட ஆரம்பித்திருந்தேன். இடம் ஒன்றுதான், நம்பரும் ஒன்றுதான். நீ திரும்பி வந்தால் அந்த ஃபிராக்கை மறுபடி எனக்குப் போடுவார்கள். எனக்கும் செருப்பு அறை தெரியும் குருவி. முயலுக்கு எழுதிக் கொடுத்ததில் அதை நான் எழுதவில்லை. அதை எழுதினால் நீ எதில் மாட்டிக்கொண்டிருந்தாய் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும்.

நீ பத்தாம் வாரம் பக்கத்து வீட்டுத் தாத்தாவை விசாரித்திருந்தாய். அந்த வரியை மட்டும் சத்தமாகப் படித்தேன். அம்மா உடனே போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

முப்பது வருடமாக மருந்துச் சீட்டு படிப்பதுதான் என் பிழைப்பு. எந்த டாக்டர் கிறுக்கினாலும் ஒரு வரி விடமாட்டேன் என்று கடையில் எனக்குப் பெயர். யாராவது அப்படிச் சொன்னால் மருந்து எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். நீ அம்மாவிடம் ஒட்டாமல் போனதை இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காரணம் தெரிந்துகொண்டே உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்களிடம் சொன்னேன். நீ பழியை என்மேல் போட்டால் தாங்கிக்கொள்ளலாம். கூட்டத்தில் அம்மாவின்மேல் போட்டுப் படிக்கப் போகிறார்கள் என்றதும் முடியவில்லை.

அம்மா இப்போது மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். எழுந்ததும் டப்பாவை எடுத்து ஒன்பதையும் படித்துக் காட்டப் போகிறேன். அதற்கு முன்னாலேயே இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும்.

அக்கா

அத்தை எப்படி இருக்கிறார்கள்?


மே 15

சின்னவளே,

அம்மா பேசறேன். எழுதறது உன் அக்கா. நான் சொல்றதை ஒரு வார்த்தை விடாம எழுதணும்னு சொல்லியிருக்கேன். எழுதி முடிச்சதும் பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் ஒட்டுவேன். இனிமே வர்ற கடுதாசி, போற கடுதாசி எல்லாமே அப்படித்தான். இதையும் எழுதுடி.

எனக்கு இடுப்பு பரவாயில்லை. நீ எப்படிம்மா இருக்கே?

ஒன்பது கடுதாசியும் கேட்டேன். ராத்திரி சாப்பிடலை. மறுநாள் மறுபடி படிக்கச் சொன்னேன். நான் வாராவாரம் கேப்பேன் கண்ணு, அத்தையைப் பத்திக் கேட்டிருக்காளான்னு. இல்லைன்னு இவ சொன்னதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கொட்டகையில எல்லார்கிட்டயும் சொல்லுவேன், எம் பொண்ணு அத்தையைக் கேக்கவே இல்லைன்னு. அவங்க எனக்குக் கிறுக்குப் பிடிச்சுடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க. லீவுல வந்தப்ப நீ என் முகத்தைப் பாக்கலை. பெரிய பள்ளிக்கூடத்துல படிக்கிற பொண்ணு, நம்மகூட நிக்க வெக்கப்படுதுன்னு நினைச்சுக்கிட்டேன். நானாவது உன்னை உக்கார வச்சுக் கேட்டிருக்கணும். கேக்கலை. அது என் தப்பு.

இவளை நான் திருப்பி அனுப்பியிருக்கவே மாட்டேன். உன்னையும் அங்க விட்டு வச்சிருக்க மாட்டேன். ஆலைக்காரன் குடுத்த இடம் போனாப் போகட்டும். அன்னிக்கே இவ என்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலை. பதிமூணு வயசு, பயந்துட்டா. அதுக்காக நான் இவகிட்ட நல்லபடியா பேசிக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுக்காதே. ஒரு வாரமா பேசலை. இன்னிக்கு இந்தக் கடுதாசிக்காகத்தான் பேசறேன். இப்ப அழறா. அதையும் எழுதுடி, ஏன் நிறுத்தறே?

நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லணும். அத்தை செத்துப்போயிட்டாங்க கண்ணு. எனக்குப் புரிஞ்சுடுச்சு. இதோ வர்றேன்.

இருபத்தஞ்சாம் தேதி காலை வண்டி. அந்த வண்டி கண்டக்டருக்கு உன்னைத் தெரியுமாம், இறக்கி விடறேன்னு சொல்லியிருக்கார். வேணாம்னு எழுதினாலும் வருவேன்.

அம்மா


ஜூன் 1

அக்காவுக்கு,

அம்மா இங்கே சௌகரியமாக இருக்கிறாள். இடுப்பு வலி இல்லை என்கிறாள். கால் மட்டும் வீங்கியிருந்தது, நேற்று வடிந்துவிட்டது.

வண்டி சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு வந்தது. இருபது நிமிடம் தாமதம். இருபது வருடமாகத் தாமதத்தை எழுதுகிறவள் நான், அன்று பேனாவை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கண்டக்டர்தான் உள்ளே போய் எழுதினார். அவளைக் கைத்தாங்கலாக இறக்கினோம். நடைமேடையில் நின்றபடியே "எந்தக் காதுடி?" என்று கேட்டாள். காட்டினேன். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இரண்டு வண்டிகள் வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தன. பிறகு சட்டத்தை எடுத்துக்கொண்டு என் வலது பக்கத்துக்கு மாறி வந்து நடந்தாள். இந்த ஒரு வாரமும் மறந்துகூட இடது பக்கம் உட்காரவில்லை.

முயலுக்கு எழுதி அந்தக் கடைசி வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன். "என் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பாள்" என்று போடச் சொன்னேன். ஏன் தெரியாமல் போனது என்று எழுதவில்லை. அதை எழுத வேண்டியவள் நீ. எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். செருப்பு அறையையாவது எழுது.

நீ அம்மாவை வண்டியில் ஏற்றிவிட்டு, உனக்கு டிக்கெட் எடுக்காமல் வண்டி மறையும்வரை நின்றாய் என்று கண்டக்டர் சொன்னார்.

உன்மேல் கோபம் இல்லை என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் அது பலகையைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கும். கோபம் இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது வருகிறது, பஸ் ஹாரன் கேட்கும்போது வருகிறது. முப்பத்தேழாம் நம்பர் ஃபிராக்கில் உன்னை நினைத்தால் கொஞ்சம் அடங்குகிறது, மறுபடி வருகிறது. எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். பெயருக்குக் கீழே நீ தனியாக எழுதியிருந்த வரியையும் சேர்த்தே படித்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த வரி வந்தால் அடுத்த வண்டியில் வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எனக்கு லீவு கிடைக்கத் தாமதமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு நாற்பது வண்டியில் அம்மாவும் நானும் வருகிறோம்.

குருவி